பதினொன்றாம் வகுப்பு மகளுக்கு அமெரிக்க வரலாற்றுப் புத்தகம்: தூக்கம் வராததாக ஒன்று சொல்லுங்கள்

மல்லிகைப்பந்தல்:

வணக்கம். நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பில் ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) அமெரிக்க வரலாறு எடுத்திருக்கிறாள். பள்ளியில் ஒரு புராஜெக்ட். அமெரிக்க வரலாற்றில் நிஜமாக நடந்த ஏதாவது ஒன்றைப் பற்றிய புத்தகத்தை அவளே தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். நாவல் கூடாது, பாடப்புத்தகம் கூடாது, 250 பக்கத்துக்குக் குறையக் கூடாது. எழுதியவர் என்ன வாதம் வைக்கிறார் என்று ஆறு பக்கம் எழுத வேண்டும். கூடவே அந்தக் காலத்து மூல ஆவணம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அது புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆறு வாரம் இருக்கிறது.

போன வருடமும் இப்படி ஒன்று வந்தது. அவள் அப்பா ஆசையாக ஒரு ஜனாதிபதியின் வாழ்க்கை வரலாற்றை வாங்கி வந்தார், தலையணை தடிமன். நாற்பத்தோராம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் இன்னும் அங்கேயே இருக்கிறது.

நான் படித்தது திருநெல்வேலியில். அமெரிக்க வரலாறு என்றால் பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், லிங்கன் அடிமைகளை விடுவித்தார், அவ்வளவுதான் தெரியும். மகளுக்கு உயிரியல் பிடிக்கும், குற்ற வழக்குகளைப் பற்றிய பாட்காஸ்ட் விடாமல் கேட்பாள். போர் என்றால் கொட்டாவி விடுவாள். யாராவது வழி சொல்லுங்களேன்.

ஓஹையோக்காரன்:

குற்ற வழக்கு பிடிக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம். எரிக் லார்சனின் 'தி டெவில் இன் தி ஒயிட் சிட்டி'. 1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதைக் கட்டி எழுப்பிய டேனியல் பர்ன்ஹாம் ஒரு பக்கம், அதே ஊரில் கட்டடம் கட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டே ஆட்களைக் கொன்ற எச்.எச். ஹோம்ஸ் இன்னொரு பக்கம். நம் ஊர்ப் பொருட்காட்சியில் ஏறுவோமே ஜயன்ட் வீல், ஃபெரிஸ் என்ற என்ஜினியர் அதை முதன்முதலில் சுற்றவிட்டது அங்கேதான். 264 அடி உயரம். விமானத்தில் படிக்க ஆரம்பித்தவன், வீட்டுக்கு வந்து பெட்டியைக்கூடத் திறக்காமல் முடித்தேன்.

சும்மா_படிப்பவள்:

ஆன்ட்டி, மூன்று வருடம் முன்பு இதே பாடம் எடுத்தவள் நான். எங்கள் வகுப்பில் நான்கு பேர் 'அன்ப்ரோக்கன்' எடுத்தார்கள், மூன்று பேர் 'தி பாய்ஸ் இன் தி போட்'. முதலாவது லூயி சாம்பெரினியின் கதை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடியவர். 1943இல் அவர் இருந்த விமானம் பசிபிக்கில் விழுந்து, 47 நாள் ரப்பர் படகில் மிதந்து, பிறகு ஜப்பானியரின் கைதி முகாமில் கிடந்தார். இரண்டாவது, அதே ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டியில் தங்கம் வாங்கிய வாஷிங்டன் பல்கலைக்கழகப் பையன்கள். இரண்டுமே கீழே வைக்க மனம் வராது.

ஆனால் 'எழுதியவரின் வாதம் என்ன' என்று எழுத உட்கார்ந்தபோது ஏழு பேரும் 'விடாமுயற்சி' என்று எழுதினார்கள். எங்கள் சார் ஏழு பேருக்கும் ஒரே குறிப்புதான் போட்டார்: "இது வாதம் இல்லை, சுவரில் ஒட்டும் போஸ்டர்."

இன்னொன்று, இந்த மாதிரிப் புத்தகங்களுக்குப் பெரும்பாலும் சிறுவர் பதிப்பு என்று சுருக்கப்பட்ட ஒன்று தனியாக இருக்கும். அட்டை கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். தெரியாமல் அதை எடுத்துவிடாதீர்கள். பின்னால் இருக்கும் குறிப்புகளும் அதில் குறைவு.

நூலகப்பூனை:

இங்கே ஒரு சின்ன ஊரின் பொது நூலகத்தில் வேலை செய்கிறேன். செப்டம்பர் வந்தால் இதே கேள்வியோடு ஒரு படையே வரும். நான் முதலில் சொல்வது: 'அமெரிக்காவின் வரலாறு' என்று பொதுவாகத் தலைப்பு வைத்த எதையும் தொடாதே. ஹோவர்ட் ஜின் எழுதிய மக்கள் வரலாறு 1980இல் வந்து எத்தனையோ பேரின் கண்ணைத் திறந்த புத்தகம்தான். ஆனால் கொலம்பஸில் ஆரம்பித்து நூற்றாண்டு நூற்றாண்டாகப் போகும். ஆறு பக்கக் கட்டுரையில் எதைப் பிடிப்பாள்? ஒரு ஊர், ஒரு வருடம், ஒரு சம்பவம் என்று குறுகிய புத்தகமாகப் பாருங்கள். மூல ஆவணம் தேடுவதும் அப்போதுதான் சுலபம்.

அந்தக் கணக்கில் மூன்று சொல்கிறேன்.

டேவிட் கிரானின் 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்'. 1920களில் ஓக்லஹோமாவின் ஓசேஜ் பழங்குடி மக்களுக்கு அவர்கள் நிலத்தடி எண்ணெயால் பெரும் பணம் வந்தது. அந்தப் பணத்தை அவர்களே செலவழிக்க விடாமல் வெள்ளையர்களைப் 'பாதுகாவலர்'களாகச் சட்டமே நியமித்தது. அப்புறம் ஒவ்வொருவராகச் சாக ஆரம்பித்தார்கள். மாலி பர்க்கார்ட் என்ற பெண்ணின் அக்கா தங்கைகள், தாய் என்று வரிசையாகப் போனார்கள். படம் பார்த்துவிட்டுப் புத்தகம் படித்த மாதிரி எழுதும் பிள்ளைகள் இதில் கட்டாயம் மாட்டுவார்கள். படத்தில் குற்றவாளி யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும், புத்தகம் அதை வெகுநேரம் இழுத்துப் பிடிக்கும். மூன்றாம் பகுதியில் கிரானே ஆவணக் காப்பகங்களில் தேடப் போகிறார். எஃப்.பி.ஐ. முடித்துவைத்த வழக்குக்கு வெளியே இன்னும் எத்தனை கொலைகள் கணக்கில் வராமல் இருந்தன என்று அங்கேதான் வருகிறது. வாதம் என்று கேட்டால் அதுதான் வாதம். எஃப்.பி.ஐ.யின் பழைய கோப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இசபெல் வில்கர்சனின் 'தி வாம்த் ஆஃப் அதர் சன்ஸ்'. தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் ஏறக்குறைய 60 லட்சம் பேர், 1915இலிருந்து 1970வரை வடக்குக்கும் மேற்குக்கும் குடிபெயர்ந்த கதை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பேசிவிட்டு மூன்றே மூன்று பேரை வைத்துச் சொல்கிறார். ராபர்ட் ஃபாஸ்டர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1953இல் லூசியானாவிலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கலிஃபோர்னியா போகிறார். பாலைவன இரவில் ஒவ்வொரு மோட்டலாக ஏறி இறங்குகிறார், படுக்க இடம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 600 பக்கத்துக்கு மேல் என்பதுதான் சங்கடம். முடிப்பாளா?

மூன்றாவதுதான் உங்கள் மகளுக்கு என்று தோன்றுகிறது. கேண்டிஸ் மில்லார்டின் 'டெஸ்டினி ஆஃப் தி ரிபப்ளிக்'. ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட். யார் என்று கேட்பீர்கள், இங்கேயே பாதிப் பேருக்குத் தெரியாது. 1881 மார்ச்சில் பதவி ஏற்றார். ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கீட்டோ என்பவன் சுட்டான். தனக்கு பாரிஸில் தூதரக வேலை தரவில்லை என்ற கோபம், கூடவே கடவுளே சொன்னார் என்ற பித்து. குண்டு முதுகில் பாய்ந்தது, தண்டுவடத்தைத் தொடவில்லை. மருத்துவர்கள் கழுவாத விரலையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் துழாவினார்கள். சீழ் பிடித்து, உடம்பு மெலிந்து இளைத்து, 79 நாள் கழித்துச் செப்டம்பர் 19 அன்று உங்கள் ஊர்க் கடற்கரையில்தான், நியூ ஜெர்சி எல்பரானில், இறந்தார்.

இதில் இன்னொரு ஆள் வருகிறார். ஐந்து வருடம் முன்பு தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கிரஹாம் பெல். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 14 வருடம் இருக்கிறது. உடம்புக்குள் இருக்கும் உலோகத்தைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அவசர அவசரமாகச் செய்து, உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட பழைய சிப்பாய்களிடம் சோதித்துவிட்டு வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோகிறார். தலைமை மருத்துவர் வலது பக்கத்தில் மட்டும்தான் தேட விட்டார். குண்டு இருந்ததோ இடது பக்கம். போதாததற்குப் படுக்கையில் இரும்புக் கம்பி மெத்தை, கருவியைக் குழப்பிவிட்டது. உயிரியலும் குற்றமும் ஒரே புத்தகத்தில், போர் இல்லை!

ஓஹையோக்காரன்:

கார்ஃபீல்ட் எங்கள் மாநிலத்துக்காரர். ஆட்சேபம் இல்லை. ஆனாலும் லார்சனை விடமாட்டேன்.

கணக்குவாத்தியார்:

விடத்தான் வேண்டும் சார், அல்லது பாதியையாவது விட வேண்டும். பர்ன்ஹாம் பகுதி கட்டுக்கோப்பாக இருக்கிறது. ஹோம்ஸ் கொலை செய்யும் காட்சிகளை யார் பார்த்தார்கள்? உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர், ஒருவர் செத்துவிட்டார், இன்னொருவன் பொய்யன். பின்குறிப்பில் லார்சனே எதை எதை வைத்து அந்தக் காட்சிகளை ஊகித்துக் கட்டினேன் என்று சொல்லியிருக்கிறார், மறைக்கவில்லை. அந்தக் கட்டடத்தைப் பற்றிப் புழங்கும் கதைகளில் பலவும் அன்றைய பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியவை. 27 பேரைக் கொன்றதாக ஹோம்ஸ் வாக்குமூலம் கொடுத்தான், அந்தப் பட்டியலில் சிலர் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள்!

ஓஹையோக்காரன்:

அட, அதுதான் சார் புராஜெக்ட்! வாக்குமூலத்தையே மூல ஆவணமாக எடுத்து, 'இதை எவ்வளவு நம்பலாம்' என்று எழுதட்டும். பின்குறிப்பைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரியும் ஆயிற்று.

கணக்குவாத்தியார்:

அது நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். பதினாறு வயதுப் பிள்ளை பின்குறிப்பிலிருந்து ஆரம்பிக்குமா என்பதுதான் கேள்வி.

திருவல்லிக்கேணிவாசி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொல்கிற அதே 1893 சிகாகோ கண்காட்சியை ஒட்டித்தான் சர்வ சமய மாநாடு நடந்தது, விவேகானந்தர் செப்டம்பர் 11 அன்று பேசியது. அவரைக் கப்பலேற்ற வீடு வீடாகப் பணம் திரட்டியவர் எங்கள் பேட்டை அளசிங்கப் பெருமாள். விவேகானந்தர் திரும்பி வந்து 1897இல் ஒன்பது நாள் தங்கிய வீடு கடற்கரையில் இருக்கிறது. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் 'ஐஸ் ஹவுஸ்' என்றுதான் சொல்வோம்.

அது ஏன் ஐஸ் ஹவுஸ்? அங்கேதான் அமெரிக்க வரலாறு வருகிறது. பாஸ்டனில் ஃபிரடெரிக் டியூடர் என்றொரு வியாபாரி. குளிர்காலத்தில் உறையும் ஏரிகளைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, வெயில் தேசங்களுக்கு விற்கப் பார்த்தார். 1806இல் கரீபியனில் உள்ள மார்த்தினிக்குக்கு முதல் கப்பல், ஊரே சிரித்தது, நஷ்டம். கடனுக்குச் சிறைக்கும் போனார். விடவில்லை. 1833இல் கல்கத்தாவுக்கு 180 டன் ஏற்றி அனுப்பி, நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு ஏறக்குறைய 100 டன் உருகாமல் போய்ச் சேர்ந்தது. சென்னைக்கு வந்த ஐஸை வைக்க 1842இல் கட்டியதுதான் அந்தக் கட்டடம். கேவின் வெயிட்மன் இதைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார், 'தி ஃப்ரோசன் வாட்டர் டிரேட்'. மூல ஆவணத்துக்கும் அலைய வேண்டாம். வால்டன் குளக்கரையில் குடில் போட்டு வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் 'வால்டன்' 1854இல் வந்தது. அந்தக் குளத்தில் ஐஸ் அறுக்க ஆட்கள் வந்ததை எழுதிவிட்டு, சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு வரி எழுதியிருப்பார்.

சும்மா_படிப்பவள்:

அங்கிள், நான் ஐஸ் ஹவுஸ் போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில்தான் பிறந்தேன். இவ்வளவு நாள் யாரோ ஐஸ் ஃபாக்டரி வைத்திருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டல்லஸ்_தாத்தா:

அம்மா மல்லிகை, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து நூலகமே கதியென்று கிடக்கிறவன் நான். டேவிட் மெக்கல்லஃப் எழுதிய 'தி ஜான்ஸ்டவுன் ஃபிளட்' பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. 1889 மே 31, பென்சில்வேனியா. மலை மேல் ஒரு பழைய மண் அணை. பிட்ஸ்பர்க் கோடீஸ்வரர்கள் மீன் பிடித்து விளையாட அந்த ஏரியை வாங்கி ஒரு கிளப் வைத்திருந்தார்கள், எஃகு அதிபர் கார்னெகிகூட உறுப்பினர். பராமரிப்பு சரியில்லை. அடைமழையில் அணை உடைந்து 2,209 பேர் போனார்கள். பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் ஏரிக்கரையைக் கட்டிக் காத்தவன் என்பதால் எனக்கு ஒவ்வொரு பக்கமும் வயிற்றைப் பிசைந்தது. கரையின் தலைமட்டம் நடுவில் தாழ்ந்துகிடந்ததாம். அது போதும், எந்த ஏரியும் உடையும். உன் மகளுக்குப் பிடிக்குமா தெரியாது. எனக்குப் பிடித்தது.

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை அவளை நூலகத்துக்கு அழைத்துப்போனேன். நான்கு புத்தகம் எடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் இருபது பக்கம் படி, எதை மூட மனம் வரவில்லையோ அதை எடு என்றேன். வெள்ளத்தை இருபது பக்கத்தோடு வைத்துவிட்டாள், தாத்தா மன்னிக்கணும். வில்கர்சனை 'கோடை விடுமுறைக்கு' என்று பட்டியலில் எழுதிக்கொண்டாள். ஓசேஜுக்கும் கார்ஃபீல்டுக்கும் நடுவே அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் கார்ஃபீல்ட்தான். ஏன் என்றால், அந்தத் தலைமை மருத்துவரின் பெயர் டாக்டர் டாக்டர் வில்லார்ட் பிளிஸ். 'டாக்டர்' என்பதே பெற்றோர் வைத்த பெயராம்! நம் ஊரில் பிள்ளைக்குக் கலெக்டர் என்று பெயர் வைக்கிற மாதிரி. அதிலேயே விழுந்துவிட்டாள்.

கணக்குவாத்தியார்:

நல்லது. ஒரு எச்சரிக்கை. பிளிஸ் வில்லன் என்று எழுதிவிட்டால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை மருத்துவர் லிஸ்டர் 1876இலேயே பிலடெல்ஃபியா வந்து கிருமிநாசினி முறையைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் முன்னால் பேசிவிட்டுப் போனார். ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்த முறையை இங்கே ஏன் பலரும் காதில் வாங்கவில்லை? கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பு என்றால் மூத்த மருத்துவர்களுக்கு ஏன் கசந்தது? அதை எழுதச் சொல்லுங்கள். பிளிஸ் தனி ஆள் இல்லை, அன்றைய மருத்துவத்தின் சராசரி முகம்.

கீட்டோ நீதிமன்றத்தில் தன் வாதமாகவே சொன்னான்: கொன்றது மருத்துவர்கள், நான் சுட்டது மட்டும்தான். தூக்கிலிட்டார்கள். ஆனால் அந்த வரியை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டு ஒரு புத்தகமே எழுதலாம் என்பது வேடிக்கைதான்.

நூலகப்பூனை:

எல்பரான் உங்களுக்குப் பக்கம்தானே? அழைத்துப்போங்கள். கார்ஃபீல்டைக் கடற்காற்றுக்காக அங்கே கொண்டுவந்தபோது, ரயிலைத் தங்கும் வீட்டு வாசல்வரை கொண்டுபோக ஊர்க்காரர்கள் ஒரே இரவில் தண்டவாளம் போட்டார்கள். பிறகு அந்த ஸ்லீப்பர் கட்டைகளை வைத்துச் சின்னக் குடில் ஒன்று கட்டினார்கள். இன்னும் நிற்கிறது.

மல்லிகைப்பந்தல்:

நான்கு வாரம் கழித்து வருகிறேன். குடிலைப் பார்த்தோம். தேவாலயத்துக்குப் பின்னால், ஒரு அறை அளவு. மகள் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு ஆணி அடித்த ஓட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டாள். அவள் அப்பா காரிலேயே உட்கார்ந்திருந்தார். கிரிக்கெட்.

இப்போது விஷயம். மூல ஆவணமாக, பெல் தன் கருவியைப் பற்றி 1882இல் வெளியிட்ட அறிக்கையை எடுத்தாள். பழைய இங்கிலீஷ், பொறுமையாகப் படித்தாள். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஓடி வந்து "அம்மா, அந்தப் பூனை சொன்னது தப்பு" என்கிறாள். கம்பி மெத்தை இருந்தது உண்மை. மறுநாள் காலையில் பெல் போய் விசாரித்தபோதுதான் அது அவர்களுக்கு ஞாபகமே வந்ததாம். உடனே அதே மாதிரி மெத்தை ஒன்றை வாங்கிப் பார்த்திருக்கிறார். கருவி சத்தம் கொடுத்த இடம் மிகச் சின்னது, மெத்தையோ கட்டில் முழுக்க. அதனால் மெத்தை கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார். அடிக்குறிப்பில் இன்னொன்று: பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு தெரிந்தது, குண்டு தோலிலிருந்து மிக ஆழத்தில் இருந்தது, கருவிக்கு எட்டியிருக்காது என்று.

அப்படியென்றால் இடது பக்கம் தேட விட்டிருந்தாலும் கிடைத்திருக்காதா என்று கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? கட்டுரையின் நான்காம் பக்கம் முழுக்க இப்போது இதுதான்.

கணக்குவாத்தியார்:

பெல் தன் கருவியைத் தானே காப்பாற்றிப் பேசுகிறாரா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். அவர் எழுதியது என்பதாலேயே அது தீர்ப்பு ஆகிவிடாது. ஆனால் மெத்தையின் மேல் பழி போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும், அதைச் செய்யவில்லை. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

திருவல்லிக்கேணிவாசி:

ஐஸ் புத்தகத்தை யாராவது எடுத்தீர்களா இல்லையா?

சும்மா_படிப்பவள்:

நான் எடுத்திருக்கிறேன் அங்கிள். புராஜெக்ட் எதுவும் இல்லை, சும்மா. ஆன்ட்டி, அடிக்குறிப்பு போடுவதை ஞாயிறு ராத்திரிக்கு வைக்க விடாதீர்கள், அழுதுவிடுவாள்.

நூலகப்பூனை:

வருகிற பிள்ளைகளிடமெல்லாம் இத்தனை வருடமாகக் கம்பி மெத்தைக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெல்லின் அறிக்கையை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. அது எங்கே கிடைத்தது என்று மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள், நாளைக்கே படிக்க வேண்டும்.